ஆபீஸ் கழித்த டெஸ்க்டாப்பில் கேமிங்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாங்குபவர்களுக்கு

பெங்களூரு ஐ.டி. கம்பெனிகள் மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தங்கள் டெஸ்க்டாப்களை மொத்தமாக மாற்றுகின்றன. லீஸ் முடிந்து வெளியே வரும் டெல், எச்பி, லெனோவா பெட்டிகள் அங்கேயே கணினிச் சந்தையான எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி கடைகளுக்கும் லாட் லாட்டாக வந்து இறங்குகின்றன. கல்லூரி பிராஜெக்ட், ஆன்லைன் விண்ணப்பம், மாலையில் ரெண்டு மணி நேரம் கேம் என்று இருக்கும் வீட்டுக்கு, கையிலிருக்கும் பணத்துக்கு இதைவிட உருப்படியான கணினி அமையாது. உள்ளே இருப்பது தரமான மதர்போர்டு. பவர் சப்ளையும் ஸ்டிக்கரில் போட்ட வாட்டை நிஜமாகவே தரக்கூடியது.

இதே பணத்துக்கு 'ஐ7 கேமிங் பிசி' என்று கலர் லைட் எரியும் புது கேபினெட்டை எதிரே வைப்பார்கள். உள்ளே பெரும்பாலும் ஐ7 2600 அல்லது 3770 இருக்கும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். டிடிஆர்3 ரேம், பெயர் தெரியாத மதர்போர்டு, '450 வாட்' என்று எழுதிய காற்றுப் போல எடை குறைந்த பவர் சப்ளை. கண்ணாடிக் கதவுக்கும் லைட்டுக்கும் கொடுக்கும் காசு அது. வேண்டாம்.

எந்தத் தலைமுறை என்பதுதான் முதல் கேள்வி

இன்டெல் பிராசஸரின் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பதை விட அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் தலைமுறை: 6500 ஆறாவது, 8500 எட்டாவது. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கம்: 10500 பத்தாவது.

எட்டாவது தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். இதற்கு இரண்டு காரணம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது காரணம்: ஏழாவது தலைமுறை வரை ஐ5 என்றால் நான்கு கோர்தான் (கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). எட்டாவதில் அது ஆறு கோராக ஏறியது. ஐ5 6500, 7500 இரண்டிலும் நான்கு கோர். ஐ5 8500-இல் ஆறு கோர். இன்றைய கேம்களில் நான்கு கோர் முழுவதும் நூறு சதவீதம் ஓடி, திரை அரை நொடி உறைந்து உறைந்து நகரும். அந்தத் தடுமாற்றம் கிராபிக்ஸ் கார்டு மாற்றினாலும் போகாது.

பட்ஜெட் இடித்தால் ஐ3 8100 எடுக்கலாம். அதிலும் நான்கு கோர் உண்டு. ஏழாவது தலைமுறை ஐ5-க்கு ஈடு கொடுக்கும், விண்டோஸ் 11-ம் போடலாம். கடைக்காரர் 'ஐ5 ஆச்சே சார்' என்று ஏழாவதைத் தள்ளினாலும் எட்டாவது ஐ3-யையே கேளுங்கள்.

தேட வேண்டிய மாடல்கள்: டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060, 5060, 7060 (அடுத்த வரிசை 3070, 5070, 7070); எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, ஜி5; லெனோவா திங்க்சென்டர் எம்720, எம்920. டெல்லில் 3050, 7050 என்று இருந்தால் அது ஆறு அல்லது ஏழு. எச்பியில் ஜி3 என்றாலும் அதே கதைதான்.

பெட்டியின் உருவம் அடுத்தது. உள்ளங்கை அகல 'டைனி', 'மைக்ரோ' பெட்டிகள் மேசைக்கு அழகு, ஆனால் லேப்டாப் ரேம் போடுபவை. பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் கார்டு போடவே இடம் கிடையாது. கேம் ஆடுவதாக இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லிப் பெட்டியில் அரை உயரக் கார்டு மட்டும் நுழையும். டவர் எனப்படும் பெரிய பெட்டியில் முழு உயரக் கார்டு நுழையும், காற்றோட்டமும் நன்றாக இருக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் கிடைத்தால் டவரே எடுங்கள். கார்டு வாங்கும்போது மிச்சமாகும். முழு உயரக் கார்டுகள் எங்கும் கிடைக்கும், அரை உயரத்தவைக்கு அலைய வேண்டும்.

எஸ்.பி. ரோடு போவதானால்

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, பஸ்தான். தருமபுரிக்காரர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் ரயிலும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்கள் ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவிலேயே இறங்கி மஞ்சள் லைன் மெட்ரோ பிடிக்கலாம். 2025 ஆகஸ்டில் அந்த லைன் திறந்த பிறகு சில்க் போர்டு நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி கே.ஆர். மார்க்கெட் அல்லது சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடக்கும் தூரம். ஒல்லிப் பெட்டி ஐந்து கிலோவுக்குப் பக்கம்தான் இருக்கும், ஸ்கூல் பையில் அடங்கும். டவர் வாங்கினால் பஸ்ஸிலேயே திரும்புவது நல்லது; மெட்ரோவில் பை அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

சொந்த ஊர்க் கடையில் ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும், பில்லும் மூன்று மாத வாரண்டியும் எழுத்தில் தருகிறார் என்றால் அங்கேயே வாங்கலாம். பழுதான பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பெங்களூரு போவதில் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். பில்லில் மாடல் எண்ணோடு, அந்தப் பெட்டிக்கே உரிய சர்வீஸ் டேக் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். 'கம்ப்யூட்டர் ஒன்று' என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது.

கடையில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கையில் ஒரு பென் டிரைவ் கொண்டு போங்கள். அதில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், சூடு ஆகியவற்றின் நிலையைக் காட்டும் சிபியு-இசட், ஜிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எச்டபிள்யூஇன்ஃபோ நான்கின் போர்ட்டபிள் பதிப்புகள் இருக்கட்டும். நான்கும் இலவசம், நிறுவாமலே ஓடும்.

முதலில் பெட்டியை ஆன் செய்தவுடன், விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் நுழையச் சொல்லுங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவா திங்க்சென்டரில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் பெட்டியைத் தொடாதீர்கள். கம்பெனி போட்ட அட்மின் பாஸ்வேர்டு அது. இந்த வகை ஆபீஸ் மாடல்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகும் என்று நம்ப முடியாது. பாஸ்வேர்டு இல்லை என்றால் உள்ளே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, செக்யூர் பூட் ஆன் செய்ய வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஸ்க்ரூடிரைவர் வேண்டியதில்லை, லீவரை இழுத்தால் வந்துவிடும். உள்ளே பார்க்க வேண்டியது: மதர்போர்டில் சிறு டப்பா போல நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அல்லது பழுப்பாகக் கசிந்திருந்தால் அந்த போர்டு அதிக நாள் தாங்காது. பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கின் நான்கு ஸ்க்ரூவும் இருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் ஒரு பக்கம் தூக்கி நின்று சூடு ஏறும். ரேம் ஒற்றைக் குச்சியா, இரண்டா? சிறு குச்சி போன்ற எஸ்எஸ்டியை மாட்டும் எம்.2 ஸ்லாட்டின் கடைசியில் அந்தப் பொடி ஸ்க்ரூவும் அதைத் தாங்கும் பித்தளைக் குமிழும் இருக்கிறதா? இது பத்துப் பைசாச் சாமான் மாதிரி தெரியும். ஆனால் ஊருக்கு வந்தபின் அந்த ஒரு ஸ்க்ரூவுக்காகத்தான் எஸ்எஸ்டியை டேப் ஒட்டி நிறுத்த வேண்டி வரும். கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிறகு பென் டிரைவைச் செருகி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் ஹெல்த்தையும் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். 'கல்லூரிக்குப் போன வருஷம் வாங்கினது' என்று சொல்லும் ஹார்டு டிஸ்க் முப்பதாயிரம் மணி நேரம் காட்டினால் மூன்றரை வருடம் இரவு பகலாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கில் கெட்ட இடங்களைக் காட்டும் ரீஅலோகேட்டட் அல்லது கரெண்ட் பெண்டிங் செக்டார் பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் வைக்காதீர்கள். எப்படியும் புது எஸ்எஸ்டி போடப் போவதால், டிஸ்க் இல்லாமல் தந்தால் எவ்வளவு குறையும் என்று பேரம் பேசலாம்.

எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் யூடியூப்பில் நான்கைந்து வீடியோக்களை ஒன்றாக ஓட விடுங்கள். பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டால் அதற்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அது சரிசெய்யக் கூடியது, விலையைக் குறைக்க நல்ல பிடி. முன்னும் பின்னும் இருக்கும் எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் மவுஸைச் செருகிப் பாருங்கள். ஆபீஸில் தினமும் குத்தி இழுத்தவை அவைதான்.

வீடியோ போர்ட்டையும் கவனியுங்கள். ஆபீஸ் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், எச்டிஎம்ஐ எல்லாவற்றிலும் இருக்காது. உங்கள் டிவி அல்லது மானிட்டர் எச்டிஎம்ஐ மட்டும் ஏற்கும் என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ மாற்றும் சாதாரண கேபிள் போதும்.

வீட்டு கரண்டைச் சரிசெய்யாமல் பெட்டியை ஆன் செய்யாதீர்கள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் கணினிகள் சாவதற்கு வைரஸை விட எர்த் இல்லாத பிளக்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுரீரென்று எறும்பு கடிப்பது போல இருக்கிறதா? பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு வழிய விடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் ஒயர் இல்லாதபோது அது போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நின்று, வீட்டு வோல்டேஜில் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் வரை காட்டும். ஆளை அடிக்கும் அளவு கரண்ட் அதில் இருக்காது. ஆனால் அதே கேபினெட்டில் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டி, மறுமுனையை டிஷ் ஒயர் போட்ட டிவியில் செருகும் நொடியில் போர்ட் கருகுவது இதனால்தான்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பழக்கமில்லாவிட்டால் ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள். ஏசி வோல்ட்டில் 600 அல்லது 750 ரேஞ்சில் வைத்து, மூன்று பின் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பாருங்கள்: 220-இலிருந்து 240 வரை வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் பூஜ்யமோ, அங்குமிங்கும் ஆடும் எண்ணோ காட்டினால் சாக்கெட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

எர்த் குழி இருந்தும் சரியாக வேலை செய்யாதது இங்கே இன்னொரு தொல்லை. பாலக்கோடு, பென்னாகரம், பர்கூர் பக்கம் ஒரு முழம் தோண்டினாலே பாறை தட்டும். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பைப் பாதியில் வெட்டிப் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வீட்டைச் சுற்றி மண் ஆழமாக, ஈரமாக இருக்கும் இடம் பார்த்து, குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம், குழி போடச் சொல்லுங்கள். பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறி நிரப்ப வேண்டும். சித்திரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பிடிக்காமல் போகும்; வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். எர்த் இல்லாத வீட்டில் விலை உயர்ந்த ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டுவதால் பெரிய பலன் இல்லை, அதன் வேலையில் பாதிக்கு மேல் எர்த் ஒயரை நம்பித்தான் இருக்கிறது.

லோ வோல்டேஜ் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த ஆபீஸ் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 100-இலிருந்து 240 வோல்ட் வரை ஏற்கும் வகை, பின்னால் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் எகிறுவதற்கு. பல்பு திடீரென்று கண்ணைக் கூசும்படி எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனி யுபிஎஸ் வாங்காமலே சமாளிக்கலாம். பின்னால் 'யுபிஎஸ் மோட்', 'நார்மல் மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகும்போது பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கூட. கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். கணினியின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாக்குப் பிடிப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். யுபிஎஸ் மோடில் போட்டால் அதற்குள் மாறிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: யுபிஎஸ் மோடில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர் மெயினை விட்டுவிட்டுப் பேட்டரிக்குப் போய்விடும். கிராமத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் படுத்துவிடும் வீடுகளில் பேட்டரி சார்ஜ் ஏறாமலே தீரும். அங்கே இன்வெர்ட்டரை நார்மலில் விட்டு, கணினிக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் தனியாக வைப்பது சரி. அதிலுள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கேம் ஓடும்போது சில நிமிடங்களே தாங்கும். சேவ் செய்து ஷட்டவுன் செய்ய அது போதும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டி வரும்.

சுத்தம், பேஸ்ட், எஸ்எஸ்டி, ரேம்

வந்த பெட்டியை முதலில் கழுவுவது போலச் சுத்தம் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டை இறக்குங்கள். வாசலில் வைத்து பிளோயர் அடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். சுழல விட்டால் பேரிங் போகும். வாக்குவம் கிளீனர் மூக்கை போர்டில் உரசாதீர்கள்.

ஹீட்சிங்க்கின் நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் நேராக இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வைத்து, திரும்பவும் எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். அப்படியே அந்த நாணய அளவுப் பேட்டரியையும், சிஆர்2032, மாற்றிவிடுங்கள். தேதி தப்பாகக் காட்டி இணையதளங்கள் திறக்க மறுப்பதற்குக் காரணம் அதுதான்.

எஸ்எஸ்டி 500 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஜிடிஏ ஃபைவ் ஒன்றே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும். எம்.2 ஸ்லாட் இருந்தால் அதில் மாட்டும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போடுங்கள். கேபிளில் மாட்டும் பழைய சாட்டா வகையின் உச்சம் நொடிக்கு 550 எம்பி அளவு, என்விஎம்இ அதைப் போல ஆறு மடங்கு வரை போகும். ஆனால் கேம் லோடாகும் நேரத்தில் இந்த வித்தியாசம் சில நொடிகள்தான். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைக்கும் வேகமே கண்ணுக்குத் தெரிவது. ஆகவே சாட்டா மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். பெயரில்லாத பிராண்டு மட்டும் வேண்டாம்.

ரேம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி இரண்டு குச்சியாக. ஒற்றை 16-ஐ விட இரண்டு 8 நல்லது, ஏனென்றால் இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தரவு போகும். தனிக் கார்டு இல்லாமல் உள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. அது ரேமையே தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. ஐ5 8500-இல் ரேம் 2666 வேகத்துக்கு மேல் ஓடாது, 3200 குச்சி போட்டாலும் இறங்கி ஓடும், கெடுதலில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை நன்றாக ஏறிக் கிடப்பதால், 16 ஜிபி போட்டே வரும் பெட்டியை வாங்குவது இப்போது லாபம்.

விண்டோஸ் நிறுவல்

கடையில் போட்டுத் தரும் விண்டோஸை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் அதில் என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கணினியில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டு தட்டப் போகிறீர்கள். கம்பெனி டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் விண்டோஸ் புரோ சாவி பயோஸிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11 தயார் செய்து, அதே புரோ பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

நிறுவும் முன் பயோஸில் மூன்று மாற்றம்: பூட் மோட் லெகஸியில் இருந்தால் யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் ஆன், டெல்லில் சாட்டா ஆபரேஷன் 'ரெய்டு ஆன்' என்று இருந்தால் ஏஎச்சிஐ. மூன்றாவதை விட்டால் நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்று திரை சொல்லக்கூடும். நிறுவிய பிறகு மாற்றினால் விண்டோஸ் திறக்காது, எனவே முதலிலேயே செய்யுங்கள். பென் டிரைவிலிருந்து துவக்க டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9.

வாலரன்ட் ஆடுபவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-இல் அந்தக் கேமோடு வரும், ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் வான்கார்டு மென்பொருளுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கட்டாயம். வேன் 9001, வேன் 9003 பிழை வந்தால் இரண்டில் ஏதோ ஒன்று அணைந்திருக்கிறது. ஏற்கெனவே ஆறு, ஏழாவது தலைமுறைப் பெட்டி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போட்டு ஸ்டீம் கேம் தளத்தின் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக நிறைய விண்டோஸ் கேம்களை ஆடலாம், ஆனால் வாலரன்ட் அதில் ஓடாது.

கிராபிக்ஸ் கார்டு: வாட் கணக்கு போட்ட பிறகு

ஆபீஸ் பெட்டியில் கார்டுக்கென்று தனி பவர் ஒயர் பொதுவாக இருக்காது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆகவே தனி பவர் ஒயர் கேட்காத கார்டு மட்டும்தான். சாட்டா பவரை ஆறு பின்னாக மாற்றும் ஒயர் கடையில் தொங்கும், வாங்காதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட். ஆறு பின் கார்டு 75 வரை இழுக்கும். பிளாஸ்டிக் உருகி நாற்றம் வருவது அங்கேதான். பவர் சப்ளையையே மாற்றிவிடலாம் என்றால், இந்தப் பிராண்டுகளில் மதர்போர்டு பிளக் வழக்கமான 24 பின் கிடையாது. ஒல்லிப் பெட்டியில் சப்ளையின் உருவமும் வேறு.

கணக்கு இப்படி: ஐ5 8500-க்கு 65 வாட், மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேனுக்கு 30-இலிருந்து 40. ஏறக்குறைய 105 ஆயிற்று. இதோடு 75 வாட் கார்டு சேர்ந்தால் 180. பிராசஸர் வேகம் எடுக்கும்போது 65-ஐத் தாண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் ஓடிய 200 வாட் சப்ளையில் இது கழுத்து வரை வந்துவிடும். 240, 260 வாட் சப்ளை என்றால் நிம்மதி. இதற்காகத்தான் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே சப்ளை ஸ்டிக்கரைப் படித்துவிட வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 75 வாட்: பழையது வாங்க என் முதல் தேர்வு. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பு 70 வாட்தான், பவர் ஒயர் வேண்டாம், அரை உயரத்திலும் கிடைக்கிறது. கையில் பணம் இருந்தால் புதிதாக இதை வாங்குங்கள். அதே பெயரில் 8 ஜிபி பதிப்பு இருக்கிறது, அது பவர் ஒயர் கேட்கும், தவறி வாங்கிவிடாதீர்கள். 200 வாட் சப்ளைக்கு ஆர்எக்ஸ் 6400, 53 வாட். ஆனால் அது மதர்போர்டோடு நான்கு லேனில், அதாவது நான்கு தரவுப் பாதையில் மட்டும் பேசும் கார்டு. எட்டாவது தலைமுறை போர்டின் பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் வேகம் குறையும், கேம் ரெக்கார்டு செய்யும் என்கோடரும் கிடையாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். அந்தப் பாஸ்கல் வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு புதுக் கேம்களுக்கான டிரைவரை நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்.

பழைய கார்டு என்றால் ஜிபியு-இசட் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வருடப் பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது பல வருடமாக நடக்கிறது. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் பெயருக்கு முன்னால் போலி என்று குறிப்பிட்டுவிடும்.

ஒல்லிப் பெட்டிக்கு வாங்கினால் அரை உயரத் தகடு கார்டு வந்த அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு இரண்டு ஸ்லாட் அகலம் என்றால் பெரிய ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா, பவர் சப்ளை இடிக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்த பிறகே வாங்குங்கள். மாட்டிய பின் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு 'கார்டு வேலை செய்யலை' என்று கடைக்குத் திரும்புபவர்கள் ஏராளம்.

ஆடும்போது

ஜிடிஎக்ஸ் 1650-இல் ஜிடிஏ ஃபைவ் 1080பியில் ஹை செட்டிங்கில் நொடிக்கு அறுபது ஃப்ரேம் தாண்டும். புதுக் கேம்களில் டெக்ஸ்சரை மீடியத்தில் வையுங்கள். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பிய உடன் திரை திக்கித் திக்கி நகரும், மற்ற எந்த செட்டிங்கைக் குறைத்தாலும் அது தீராது. ஷேடோவை ஒரு படி இறக்குவது அடுத்தது. ஃப்ரேமை அறுபதில் பூட்டிவிடுங்கள். நூறு ஓடி எழுபதுக்கு விழுவதை விட அறுபதிலேயே நிற்பது கண்ணுக்கு இதம், தருமபுரி மே மாதத்து அறையில் பெட்டியின் சூடும் கணிசமாகக் குறையும். கார்டே போடாமல் யுஎச்டி 630-இல் மைன்கிராஃப்ட், ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், கிரிக்கெட் 07 தாராளமாக ஓடும். வாலரன்ட் லோ செட்டிங்கில் ஓடும்.

இந்தப் பெட்டிகளில் பலவற்றில் வைஃபை கிடையாது. யுஎஸ்பி வைஃபை குச்சி சினிமா பார்க்கப் போதும், ஆன்லைன் கேமுக்கு லேன் கேபிள்தான். நல்ல செம்புக் கம்பி கேட்6 நூறு மீட்டர் வரை இழுக்கலாம். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிள் வேண்டாம். வாலரன்ட்டில் மும்பை, கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் சென்னை அல்லது மும்பை சர்வரில் இணைகிறதா என்று பாருங்கள். பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம், திடீரென்று எகிறினால் பாதி நேரம் வேறு நாட்டு சர்வரில் விழுந்திருப்பீர்கள்.

நெடுஞ்சாலை ஓரமோ கிரானைட் பட்டறைப் பக்கமோ வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளோயர் அடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதம். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், அரை அடி பலகை போதும். கார்டு கழற்றிய இடத்தில் பின்பக்கத் தகடு இல்லாமல் ஓட்டையாக இருந்தால் அதை மூடிவிடுங்கள். பல்லி உள்ளே போய் போர்டில் ஒட்டி ஷார்ட் ஆவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. தகடு கிடைக்காவிட்டால் கொசுவலைத் துண்டைப் பசை டேப்பால் ஒட்டலாம். பவர் சப்ளையின் காற்று ஓட்டையை மட்டும் எதைக் கொண்டும் மறைக்கக் கூடாது.